நாலு கியர் பெட்டி

கியர் பெட்டின்னு முழுசாச் சொல்லியிருக்கணும். பெட்டின்னு மொட்டையாச் சொன்னது என் தப்பு. இத்தனை வருசம் கழிச்சும் அத நெனச்சா என் மேலயே எனக்கு எரிச்சல் வருது. கராஜ்ல நிக்கிறவனுக்குப் பெட்டின்னா கியர் பெட்டி. ஃபேக்டரில நிக்கிறவனுக்குத் தேயிலைப் பெட்டி. நாங்க குடியிருக்குற லயத்து வரிசையில, ஒரு வீட்டு ஆள் பதுளை ஆஸ்பத்திரில கெடக்கையில, பெட்டின்னா வேற. அது தெரியாத ஆளா நான்? தோட்டத்துலயே பொறந்து தோட்டத்துலயே வளந்தவன்தானே. வாய் இருந்துச்சு, புத்தி இல்ல.

கார் எனக்கு வந்த கதைய மொதல்ல சொல்லிடறேன். சுதந்திரம் கெடச்ச அடுத்த வருசம் எங்க வெள்ளக்காரத் தொர ஊருக்குக் கெளம்பிட்டாரு. நான் அவருக்குக் கார் ஓட்டுன டைவர். பங்களாச் சாமானெல்லாம் ஏலத்துல போச்சு. இந்தக் கார மட்டும் ஒருத்தரும் சீந்தல. யுத்தத்துக்கு முந்தி கப்பல்ல வந்த கறுப்பு இங்கிலீஷ் கார். நீயே வெச்சுக்கோன்னு என் கழுத்துல கட்டிட்டுப் போயிட்டாரு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துச்சு, எனக்குக் கார் வந்துச்சு, லயத்து ஆளுங்களுக்கு ஓட்டு இல்லாமப் போச்சு. மூணும் ஒட்டி ஒட்டி நடந்ததுனால எதுக்குச் சிரிக்கிறது எதுக்கு அழுகுறதுன்னே வெளங்கல. புதுத் தொரைக்கு ஜீப் இருந்துச்சு, டைவரும் இருந்தான். நான் அந்தக் கார வெச்சு நமுனுகுல மலை அடிவாரத்துல இருந்து பதுளைக்கு வாடகைக்கு ஹயர் ஓட ஆரம்பிச்சேன். எம் பொஞ்சாதி கொழுந்து எடுத்தா. லயத்துல எங்க ஒத்த அறைக் காம்பிரா அவ பேர்ல இருந்துச்சு.

அந்தக் காருக்கு மூணே கியர்தான். ஒண்ணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல பெரிய பள்ளம். ஏத்தத்துல ஒண்ணாவது போட்டா எஞ்சின் கதறும், ரெண்டாவது போட்டா மூச்சு முட்டும். ரெண்டு தரம் கிளச் மிதிச்சு, நடுவுல ஒரு தரம் பெட்ரோல் குடுத்து, சத்தம் ஒத்துப் போற சமயம் பாத்துத் தள்ளணும். தப்புச்சுன்னா கறக்குன்னு ஒரு சத்தம், கார் ஒரு குலுக்குக் குலுக்கும். மல மேல கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னே எம் பொஞ்சாதி அந்தச் சத்தத்துல கணக்குப் போட்டுருவா. "இந்தா கொண்ட வளைவுல பல்லக் கடிக்கிறாரு, இன்னும் அரை மணில வந்துருவாரு"ன்னு பக்கத்துத் தேயிலை நெரையில நிக்கிறவகிட்ட சொல்லுவாளாம். சாயந்தரம் வீட்டுக்கு வந்தா, "இன்னைக்கு மூணு தரம் கறக்குன்னுச்சே, கண்ணு எங்க இருந்துச்சு?"ன்னு கேப்பா. காரப் பத்தி எனக்கு வாத்தியாரு மாதிரி பேசுவா. கார்ல ஏறுனதென்னமோ பத்து வருசத்துல அஞ்சாறு தரந்தான்.

அப்பறம் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பிச்சுது. காலைல செருப்பு ஏறும், சாயந்தரம் ஏறாது. பிறகு காலைலயும் ஏறல. மொகம் ஊதுச்சு, வயித்துல தண்ணி கோத்துச்சு. தோட்டத்து டிஸ்பென்சரில ஒரே தண்ணி மருந்தப் போத்தல்ல ஊத்தி ஊத்திக் குடுத்தாங்க. ஐப்பசி மழைல ஒரு நாள் மூச்சு வாங்க முடியாம நெரையிலயே உக்காந்துட்டா. கார்ல போட்டுக்கிட்டு பதுளைக்குக் கெளம்புனேன்.

பாதி வழியில, பாலம் தாண்டுன ஏத்தத்துல, அவசரத்துல ரெண்டாவதத் தப்பாத் தள்ளிட்டேன். உள்ள என்னமோ நொறுங்குச்சு. கியர் கம்பி கையில ஆடுது, சக்கரம் சுத்தல. மழை வேற. பின்னால நம்ம தோட்டத்து லாரி தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டு ரயில் ஸ்டேஷனுக்கு வந்துச்சு. வேற வழியில்லாம அவளத் தூக்கிப் பெட்டிகளுக்கு நடுவுல உக்கார வெச்சேன். வழி நெடுக அவ ஒரு பெட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தா. ஒவ்வொரு குழிலயும் கண்ண மூடிக்குவா. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குனப்ப, "ஏங்க, ஒண்ணு சொல்லவா? திரும்பிப் போறப்ப என்னை லாரில ஏத்தாதீங்க. நம்ம கார்ல கூட்டிட்டுப் போங்க. உக்காந்துக்கிட்டே போகணும்"ன்னா. சரின்னேன்.

அந்த ஒரு சரிதான் இந்தக் கதை.

ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர் என்னைய வெராந்தாவுக்குக் கூப்புட்டாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, நல்ல மனுசன், சுத்தி வளைக்கத் தெரியாது. "இஞ்ச வைச்சுச் செய்யிறதுக்கு இனி ஒண்டும் இல்லை. இவவை வீட்டை கூட்டிக்கொண்டு போம். ஆள் எழும்பி இருக்கக்கூடிய நிலையில இருக்கேக்கையே கெதியாக் கூட்டிக்கொண்டு போம்"ன்னாரு. கெதியான்னா சுருக்கான்னு அர்த்தம். எனக்கு அர்த்தம் தெரியாம இல்ல. இருந்தாலும் அந்த வார்த்த என் காதுல விழுந்த எடத்துலயே நின்னுருச்சு, உள்ள எறங்கல.

கார அப்பவே லாரில கட்டி இழுத்துட்டு வந்து, பதுளை பஜாருக்குப் பின்னால ஒரு பலகைக் கொட்டகையில போட்டிருந்தேன். அங்க மெக்கானிக் வேல பாத்தவர எல்லாரும் பாஸுன்னுதான் கூப்புடுவோம். தமிழாள்தான், பேச்சு கம்மி, கிண்டல் ஜாஸ்தி. பெட்டிய எறக்கி மூடியத் தொறந்து காட்டுனாரு. ரெண்டாங் கியர் பல்லு நாலு ஒடஞ்சு எண்ணெய்க்குள்ள கெடந்துச்சு. ஒரு பல்ல எடுத்துத் தொடச்சு என் உள்ளங்கையில வெச்சு, "உங்களுக்கு வெத்தல பாக்கு போடறதுக்கு உதவும்"னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

"ரெண்டு பெட்டி இருக்கு"ன்னாரு. "பஜார் மொதலாளி ஒருத்தர் வீட்டுக் கொல்லையில இதே மாதிரிக் கார் ஒண்ணு கூரைக்கடில கெடக்கு. அதே பெட்டி, அதே மூணு கியர். காலைல கழட்டுனா சாயந்தரம் மாட்டிரலாம். மறு நாளே நீங்க பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போகலாம். இன்னொண்ணு, ரொட்டி வேன் ஒண்ணு பள்ளத்துல உருண்டுச்சுல்ல, அதோட பெட்டி. ஒரே கம்பெனிதான். ஆனா நாலு கியர். மாட்டலாம். மாட்டறது லேசு இல்ல."

நான் அந்த ரெண்டாவது பெட்டியப் பாக்கப் போனேன். போயிருக்கக் கூடாது. சும்மா மேசை மேல வெச்சிருந்தாரு. மூடி இல்ல. உள்ள கைய விட்டு ஒண்ணொண்ணாத் தடவிப் பாத்தேன். பல்லெல்லாம் முழுசா இருந்துச்சு. ஒண்ணாவது கியர்ச் சக்கரம் என் உள்ளங்கையவிட அகலம். சுத்திப் பாத்தா அப்பிடியே எண்ணெயில வழுக்கிக்கிட்டு ஓடுது. இத மாட்டுனா அந்தக் கொண்ட வளைவுல ஆள் நடக்குற வேகத்துல, குலுங்காம, முக்காம ஏறலாம். அவளுக்கு வயித்துல குலுக்கம் ஆகாது. பழைய பெட்டின்னா ஒரு கறக்குக்கு ஒரு குலுக்கு, அவ பல்லக் கடிச்சுக்கிட்டு வரணும். இதத்தான் பாஸ்கிட்டயும் சொன்னேன், எனக்கு நானும் சொல்லிக்கிட்டேன்.

அது பாதிதான் நெசம். மீதிப் பாதிய இப்பச் சொல்றேன், சொல்லாம வெச்சிருந்து என்னத்தக் கண்டேன். அந்தப் பெட்டி மேல எனக்கு ஆசை வந்துருச்சு. பத்து வருசமா அந்த மூணு கியரோட மாரடிச்சவன் நான். நாலு கியர் கார் ஓட்டணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. பொஞ்சாதி ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கா, நான் இங்க ஒரு இரும்புச் சக்கரத்தச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். "நாலு கியரே போடுங்க"ன்னேன். "எத்தன நாள் ஆகும்?"னு பிறகுதான் கேட்டேன்.

"நாலு, அஞ்சு நாள்"னாரு பாஸ். ஒம்பது நாள் ஆச்சு.

எஞ்சினோட சேர்ற எடத்துல ஆறு போல்ட்டு ஓட்டைல நாலு சரியா வந்துச்சு, ரெண்டு வரல. புதுசாத் தொளச்சாரு. பெட்டி பழசவிட நாலு விரல்கடை நீளம். அதனால பின்சக்கரத்துக்குப் போற நீட்டுத் தண்ட அந்த அளவுக்கு வெட்டிக் கொறச்சு ஒட்ட வேண்டியிருந்துச்சு. மயிரெழ கோணுனாலும் கார் பூரா ஆடும்னு அத லேத் பட்டறைக்குக் குடுத்தாரு. அங்க எனக்கு முன்னால லாரிக்காரங்க வேல நின்னுச்சு, மூணு நாள் அதுலயே போச்சு. கிளச் தட்டுல பல்லு எண்ணிக்க வேற, வேன் தட்டையே தேடிப் போட்டோம். கியர் கம்பி பழைய எடத்துல வரல, சீட்டுகிட்டப் பின்னுக்குத் தள்ளி வந்துச்சு. தரைப் பலகைய வெட்டி, அதுக்கு ஒரு தோல் மூடி தைச்சாரு. ஒவ்வொண்ணும் சரியாத்தான் செஞ்சாரு. நான் பக்கத்துலயே நின்னேன். சாவி எடுத்துக் குடுத்தேன், வெளக்குப் பிடிச்சேன். மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதச் சொல்ல வெக்கமா இருக்கு.

தினமும் பார்வ நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போவேன். கையில எண்ணெய் நாத்தம். அவ மோந்து பாத்துட்டு, "இன்னைக்கா?"ன்னு கேப்பா. "நாளைக்கு"ன்னு சொல்லுவேன். மொத நாள் கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டுக் கேட்டா. நாலாம் நாள் செவுத்துல சாஞ்சுக்கிட்டுக் கேட்டா. ஏழாம் நாள் நான் முதுகுக்குக் கை குடுத்துத் தூக்குனாத்தான் உக்கார முடிஞ்சுச்சு. எட்டாம் நாள் கேக்கவே இல்ல. அதுக்குப் பதிலா, "நாலு கியர்னா சத்தம் எப்பிடி இருக்கும்?"னு கேட்டா. "சத்தமே இருக்காது புள்ள"ன்னேன். "அப்ப நீங்க எங்க வர்றீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"ன்னா.

ஒம்பதாம் நாள் சாயந்தரம் பெட்டி உள்ள ஏறிருச்சு. ஆத்தோரமா ஓட்டிப் பாத்தேன். பழைய பெட்டில பின்னால போறதுக்கு எந்தப் பக்கம் தள்ளுவேனோ, இதுல அதே எடம் ஒண்ணாவது. மொத நாலஞ்சு தரம் கை பயந்துச்சு, பின்னால போயிருமோன்னு. போகல. முன்னாலதான் போச்சு. சந்தோசத்துல நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்க தோட்டத்துப் பக்கம் போற கடைசி பஸ் கெளம்பிக்கிட்டு இருந்துச்சு. கண்டக்டர் சிங்களவரு, எங்க எல்லாரையும் தெரியும், தமிழும் பேசுவாரு. ஜன்னல் வழியா அவருகிட்டச் சொன்னேன்: "எங்க லயத்துல சொல்லிருங்க. பெட்டி ஏத்தியாச்சு. நாளைக்குக் காலைல அவளக் கூட்டிட்டு வர்றேன்."

தோட்டத்துக் கீழ் வாசல்ல ஒரு தேத்தண்ணிக் கடை. கண்டக்டர் அங்க எறங்கி, என் வார்த்தைய அப்பிடியேதான் ஒப்பிச்சிருக்காரு, ஒண்ணத் தவிர. "டைவர் சொல்லச் சொன்னாரு. பெட்டி ஏத்தியாச்சாம். நாளைக்குக் காலைல பொம்பளையக் கொண்டாறாராம்."

உயிரோட இருக்குற ஆளக் கூட்டிட்டு வருவோம். பொணத்தத்தான் கொண்டாருவோம். பொறந்ததுல இருந்து தமிழ் பேசுறவனுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்ல. அவருக்கு ரெண்டும் ஒண்ணு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. பெட்டின்னு மொட்டையாச் சொல்லி லயத்துல அதப் பொணப் பெட்டின்னு எடுத்துக்க வழி போட்டுக் குடுத்தவன் நான்.

கடைசி பஸ் போயிருச்சு, லயத்து ஆளுங்க பதுளைக்கு ஓடி வந்து கேக்க வழியில்ல. ஆபீஸ்ல டெலிபோன் இருந்துச்சு, அது நமக்கா? காலைல பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போன ஆளுங்க சாவுன்னு சொல்லி லீவு கேட்டுட்டு வந்துட்டாங்களாம். எனக்கு இது ஒண்ணும் தெரியாது. நான் காலைல அவளக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வரச் சொல்லி, முன் சீட்டுல தலகாணி வெச்சு உக்கார வெச்சு, ஆஸ்பத்திரில இருந்து கெளம்புனேன். அவ உக்காந்துக்கிட்டேதான் வந்தா. ஒரு பக்கம் கதவுல சாஞ்சு, ஒரு கை கியர் கம்பி மேல. "சூடா இருக்கு"ன்னா. பாலத்துக்குப் பக்கத்துல ஏத்தம் வந்தப்ப ஒண்ணாவதுல போட்டேன். குலுக்கமே இல்லாம ஏறுச்சு. சாக்கு தூக்கிக்கிட்டுப் போன ஒரு கெழவன் எங்களத் தாண்டிப் போயிட்டான். "ஏங்க, நடந்தே வந்திருக்கலாம் போல இருக்கே"ன்னு சிரிச்சா. ரெண்டு மாசத்துல மொத தரம் சிரிச்சா. அப்ப நெனச்சேன், ஒம்பது நாள் போனாப் போகுதுன்னு.

தோட்ட எல்லைல சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டுச்சு. "யாரு வீட்டுல?"ன்னேன். "சின்னக் கங்காணியோட அப்பாவா இருக்கும். இழுத்துக்கிட்டுக் கெடந்தாருல்ல. பாவம், நல்ல மனுசன்"னா. எறங்கி ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோமான்னுகூடக் கேட்டா. நான்தான் ஒடம்பு முடியாதவ எழவு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்குள்ள லயத்துக்குத் திரும்புற வளைவு வந்துருச்சு. எங்க காம்பிரா வாசல்ல பச்ச ஓலைப் பந்தல், வாசல் நெறைய ஆளு. என் கார்ச் சத்தம் யாருக்கும் அடையாளம் தெரியல. பொணங் கொண்டாற வண்டின்னு வழி விட்டாங்க. பந்தல்ல எங் கொழுந்தியா, அவ தங்கச்சி, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, வாசல்ல நீ வெச்ச அவரக் கொடி பூத்துருச்சே, பாக்க வரலியேன்னு மாரடிச்சு அழுதுக்கிட்டு இருந்தா.

நான் பிரேக்க மிதிச்சேன். தப்பு நின்னுச்சு. எம் பொஞ்சாதி ஜன்னல்ல மொகத்த வெச்சு எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தா. பந்தலப் பாத்தா. எண்ணெ, சீயக்கா, கோடித்துணி எல்லாத்தையும் பாத்தா. பிறகு தங்கச்சியப் பாத்து, "நெசமாவே பூத்துருச்சா?"ன்னு கேட்டா.

கொழுந்தியா மயங்கி விழுந்துட்டா. அப்பறந்தான் லயமே கூடி அழுதுச்சு, சிரிச்சுச்சு. யார் சொன்னா, எவன் சொன்னான்னு கடைக்காரரப் போய்ப் பிடிச்சாங்க, அவரு கண்டக்டரக் காட்டுனாரு. அடுத்த பஸ்ல வந்த அந்த மனுசன ஆளாளுக்கு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அவரு எங்க வாசலுக்கே வந்து அவ கால்மாட்டுல நின்னு, கையில தொப்பிய வெச்சுக்கிட்டு, சிங்களத்துல அம்மான்னு கூப்புடுற மாதிரி, "நோனா, எனக்கு அந்தப் பேச்சு தெரியாது"ன்னாரு. அவ, "போங்க, உங்களாலதான் எனக்கு யாரு யாரு அழுவாங்கன்னு தெரிஞ்சுது"ன்னு சொல்லி அனுப்புனா. அதுல இருந்து அந்த மனுசன் என்னைய எங்க கண்டாலும், ஏதாவது சாமான் ஏத்துனா, "கார் பெட்டியா? தேயிலைப் பெட்டியா?"ன்னு ரெண்டு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் மறு வேல பாப்பாரு.

ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்துச்சு. மயானத்துல குழி வெட்டி முடிச்சிருந்தாங்க. வெட்டுன குழிய வெறுமனே விடக் கூடாதாம். வாழைத் தண்டு ஒண்ண ஆளு மாதிரி வெள்ளத்துணில சுத்தி, உள்ள போட்டு மூடிட்டு வந்தாங்க. நான் அவகிட்டச் சொல்லாம இருந்தேன். யாரோ சொல்லிட்டாங்க. "எந்த எடம்?"னு கேட்டா. "மேல, வாகை மரத்துக்கிட்ட"ன்னேன். "நல்ல எடந்தான். காத்து வரும்"னா. பிறகு, "அத வாழைத் தண்டுக்குக் குடுத்துட்டீங்களே"ன்னா. வெளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு வெளையாட்டா இல்ல.

கார்த்திகையில இருந்து பொங்கல் வரைக்கும் இருந்தா. அவரக்காய வாசல்ல உக்காந்து அவளே பறிச்சா. அப்பறம் உக்காந்துக்கிட்டுப் பறிக்க முடியல, படுத்துக்கிட்டு எத எதப் பறிக்கணும்னு தங்கச்சிக்குச் சொன்னா. எனக்கு மட்டும் ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூணு கியர் பெட்டியே போட்டிருந்தா இன்னும் எட்டு நாள் அவ வாசல்ல உக்காந்திருப்பா. உக்கார முடிஞ்ச எட்டு நாள். அத நான் பதுளைல ஒரு பலகைக் கொட்டகையில நின்னு தீத்துட்டேன். இதுக்கு நடுவுல அந்த நாலு கியர் பெட்டியும் மூணாவதுல இருந்து நழுவ ஆரம்பிச்சுது. பள்ளத்துல உருண்ட வண்டிப் பெட்டி, வெளியில தெரியாத அடி இருந்திருக்கு. வேற ஒண்ணு பாக்கணும்னு பாஸ் சொன்னாரு. லயத்துல எல்லாருக்கும் தெரியும், நான் இன்னொரு பெட்டி தேடுறேன்னு.

பொங்கலுக்கு மறு நாள் அவளுக்கு மூச்சு திணறுச்சு. திரும்பவும் பதுளைக்குக் கூட்டிட்டுப் போனேன். நாலாம் நாள் காலைல, நான் தேத்தண்ணி வாங்கப் போன நேரத்துல, போயிட்டா. அந்த டாக்டர் என் தோள்ல கைய வெச்சாரு.

பஜார்ல பெட்டி வாங்குனேன். காருக்குள்ள அது நொழையல. பாஸும் இன்னும் ரெண்டு பேரும் வந்து அவள உள்ள வெச்சு, கூரை மேல தூக்கி வெச்சு, மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் கயித்தால கட்டுனாங்க. உக்காந்துக்கிட்டே போகணும்னு சொன்னவ. நான் போய்ச் சேர்றதுக்கு முன்னால லயத்துக்குச் சேதி சொல்லணும்னு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன். அதே கண்டக்டர், பஸ் நகந்துக்கிட்டு இருக்கு, மழை கொட்டுது. செத்துட்டான்னு சொல்ல வாய் வரல எனக்கு. சொன்னா நெசமாயிரும்னு ஒரு பயம். "லயத்துல சொல்லிருங்க. பெட்டியோட வர்றேன்"ன்னு கத்துனேன். அவரு திரும்பி என்னமோ கேட்டாரு. மழைச் சத்தத்துல காதுல விழல. என்னமோன்னு தலைய ஆட்டுனேன். அவரும் சிரிச்ச மொகமாக் கைய ஆட்டுனாரு.

அவரு என்ன கேட்டாருன்னு எனக்கு இப்பத் தெரியும். கார் பெட்டியான்னு கேட்டிருக்காரு. நான் ஆமான்னு தலையாட்டியிருக்கேன். கடைல எறங்கி, ஒரு தரம் பட்டவராச்சே, நிதானமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லியிருக்காரு: "யாரும் பயப்பட வாணாம். இது கார் பெட்டி. நான் கேட்டுட்டேன்."

நான் ஒண்ணாவதுல ஏறுனேன். மூணாவதுதான் நழுவுமே, அதத் தொடவே இல்ல. ஆள் நடக்குற வேகம். பின்னால நடக்கத்தான் ஆள் இல்ல. மழை விட்டு வெளுத்திருந்துச்சு. தோட்ட எல்லைல தப்புச் சத்தம் கேக்கும்னு காதக் குடுத்துக்கிட்டே வந்தேன், கேக்கல. மயானத்தத் தாண்டுனேன், ஒரு மம்மட்டி இல்ல. மேல மலையில பொம்பளைங்க நெரை பிடிச்சுக் கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னாங்க. இந்தச் சத்தத்த இப்ப எல்லாரும் பழகியிருந்தாங்க. கார் சத்தம் கேட்டு நாலஞ்சு பேர் நிமிந்து கையக் காட்டுனாங்க. ஒருத்தி என்னமோ சொல்லிச் சிரிச்சா. எம் பொஞ்சாதிக்குப் பக்கத்து நெரைக்காரி அவ.

லயத்து வாசல்ல வந்து நிறுத்துனேன். பந்தல் இல்ல, ஆள் இல்ல. ஒரு கோழி மட்டும் அவரப் பந்தலுக்கு அடியில கெளறிக்கிட்டு நின்னுச்சு. கூரை மேல இருக்குற பெட்டிய எறக்க நாலு ஆம்பள வேணும். கார் ஆரன அழுத்துனேன். ரெண்டு தரம், மூணு தரம் அழுத்துனேன். மலையில இருந்து யாரும் எறங்கல. நான் வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஆரன் அடிக்கிறது வழக்கந்தானே. சீட்டுலயே உக்காந்துட்டேன்.

மத்தியானக் கொழுந்த எடை போட்ட பிறகுதான் கொழுந்தியா வந்தா. முதுகுல கூடை, இடுப்புல ஈரப் படங்குச் சாக்கு. தூரத்துலயே தார்ப்பாயப் பாத்துட்டு நடைய எட்டிப் போட்டா. மொகம் அப்பிடித் தெளிவா இருந்துச்சு.

"வந்துட்டீங்களா மச்சான்? கண்டக்டர் சொன்னாரு"ன்னு கூடைய எறக்கி வெச்சா. "பெட்டிதான் கெடச்சுருச்சுல்ல. இனி அக்காவ எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

நான் எறங்கி, தார்ப்பாய்க் கயித்த அவுத்தேன்.